செவியும் காதும்: ஒரு கிரேக்கச் சொல் தமிழுக்கு வந்த வரலாறு

உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்த தொல்காப்பியர், தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல் ஆகிய நான்கினையும் கூறிய பின்னரே கேட்டலை ஐந்தாம் அறிவாக வைத்தார். அதனை அடுத்து நிற்பது மனம். பொறிகளின் வரிசையில் மனத்திற்கு மிக அணுக்கமான இடம் செவிக்கே உரியதாயிற்று. இம்முறைவைப்பு தற்செயலானதன்று. எழுத்தும் ஏடும் அருகியிருந்த காலத்தில் அறிவு மனத்துக்குள் புகும் வாயிலாக இருந்தது செவியேயாகும்.

தமிழருக்கு மட்டும் உரிய எண்ணமன்று இது. எபிரேயரும் கிரேக்கரும் இவ்வாறே எண்ணினர். அவர்தம் சமய நூலாகிய விவிலியம் தமிழுக்கு வந்தபொழுது, செவியைக் குறிக்கும் ஒரு சிறு சொல்லைத் தமிழாக்குவதில் மொழிபெயர்ப்பாளர் பல தலைமுறைகளாகக் கருத்தைச் செலுத்த வேண்டியிருந்தது. அச்சொல்லின் வரலாறு, தமிழ் உரைநடை வளர்ந்த வரலாற்றின் ஒரு பகுதியுமாகும். சமயச் சார்பின்றி, மொழியை மட்டும் கருதும் தமிழாசிரியருக்கும் மாணவருக்கும் அதனால் கிடைக்கும் பயன் பெரிது.

கிரேக்கச் சொல்லின் இயல்பு

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கம், பொதுமக்கள் வழங்கிய பொதுக்கிரேக்கம். அதில் காதைக் குறிக்கும் சொல் ‘ஊஸ்’ என்பது. இஃது அஃறிணைப் பெயர் போன்ற பொதுப்பால் பெயராகும். எழுவாயாக நிற்கும்பொழுது ‘ஊஸ்’ எனவும், வேற்றுமை ஏற்கும்பொழுது ‘ஓத்தொஸ்’ எனவும், பன்மையில் ‘ஓத்தா’ எனவும் திரியும். எழுவாய் வடிவம் வேறாகவும் வேற்றுமை ஏற்கும் அடி வேறாகவும் இருப்பது தமிழ் மாணவனுக்குப் புதிதன்று. ‘நான்’ என்பது ‘என்னை’ என்றும், ‘வீடு’ என்பது ‘வீட்டை’ என்றும் வருவதை அவன் அறிவான். ஆனால் ‘காது’ என்னும் நெடிற்றொடர்க் குற்றியலுகரம் ‘வீடு’, ‘ஆறு’ போல இரட்டாது. ‘காதை’ என்றே நிற்கும். ‘செவி’யோ யகர உடம்படுமெய் பெற்றுச் ‘செவியை’ என்றாகும்.

‘ஓத்தா’ என்னும் ஒலியைக் கேட்டவுடன், தமிழில் ‘ஓது’ என்னும் வினை நினைவுக்கு வரலாம். ஒலியொற்றுமை ஒன்றையே கொண்டு இரண்டையும் உறவாக்குதல் ஆகாது. கிரேக்கச் சொல், இலத்தீனின் ‘ஔரிஸ்’, செர்மானியத்தின் ‘ஓர்’, ஆங்கிலத்தின் ‘இயர்’ ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தைச் சார்ந்தது. தமிழின் ‘செவி’ கன்னடத்தின் ‘கிவி’யோடும் தெலுங்கின் ‘செவி’யோடும் உறவுடையது. முன்னுயிரின் முன் நின்ற ககரம் தமிழில் சகரமாகத் திரிவதை மொழிநூலார் எடுத்துக்காட்டுவர். ஆகவே ‘கிவி’யும் ‘செவி’யும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ‘ஓத்தா’வும் ‘ஓது’வும் வழியில் சந்தித்த அயலார்.

‘ஊஸ்’ என்பதன் சிறுமைப் பெயர்களாக ‘ஓத்தியொன்’, ‘ஓத்தாரியொன்’ என்னும் இரண்டு சொற்களும் உண்டு. இயேசு கைது செய்யப்பட்ட இரவில் தலைமைக் குருவின் பணியாள் ஒருவனது காது வாளால் வெட்டுண்டது. அந்நிகழ்ச்சியை நான்கு நற்செய்தியாளரும் எழுதினர். பழஞ்சுவடிகளை ஒட்டிய பதிப்புகளில் மத்தேயு ‘ஓத்தியொன்’ என்கிறார். மாற்கு ‘ஓத்தாரியொன்’ என்கிறார். லூக்கா முதலில் ‘ஊஸ்’ என்றும் அடுத்த தொடரிலேயே ‘ஓத்தியொன்’ என்றும் எழுதுகிறார். சிறுகாது என்று கொள்வதற்கு இங்கே இடமில்லை. பொதுக்கிரேக்கத்தில் இவ்விகுதியின் சிறுமைப் பொருள் தேய்ந்துவிட்டது. இக்காலக் கிரேக்கர் காதுக்கு வழங்கும் ‘அஃப்தி’ என்னும் சொல்லும் அந்த ‘ஓத்தியொன்’ என்பதன் வழிவந்ததே. தமிழ் மொழிபெயர்ப்பாளர் மூன்று வடிவங்களையும் ‘காது’ என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தது இலக்கண அறிவோடு கூடிய செயலாகும்.

தரங்கம்பாடி முதல் திருவிவிலியம் வரை

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் செர்மானியராகிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, தம் தோழர் புளுட்சோவுடன் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். செர்மானிய நாட்டு ஹாலே நகரில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டு வந்தன. நற்செய்தி நூல்கள் 1714இலும் முழுப் புதிய ஏற்பாடு 1715இலும் தரங்கம்பாடியில் அச்சேறின. இந்திய மொழியொன்றில் முதன்முதலாக அச்சான புதிய ஏற்பாடு அதுவே. பழைய ஏற்பாட்டை ரூத்து நூல் வரையில் பெயர்த்த நிலையில் 1719இல் அவர் மறைந்தார். எஞ்சியதைப் பெஞ்சமின் சூல்ட்சு 1728இல் நிறைவேற்றினார்.

சீகன்பால்கின் நடை பேச்சுவழக்கை மிகவும் தழுவியது. அதனைத் திருத்தி அமைக்க முற்பட்டவர் சென்னை வேப்பேரியில் வாழ்ந்த பிலிப்பு பப்ரிசியஸ். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. மூலத்தின் ஒவ்வொரு சொல்லையும் விடாது பற்றும் நெறி அவருடையது. அடுத்து வந்த இரேனியஸ், 1820 முதல் பாளையங்கோட்டையில் பணியாற்றியவர். தமிழனுக்குத் தமிழாகத் தோன்றாத மொழிபெயர்ப்பு பயனற்றது என்பது அவர் கொள்கை. மொழிபெயர்ப்பின் நெறிகளைப் பற்றி 1827இல் தனி நூலொன்றும் எழுதினார். சொல்லைப் பற்றுவதா, பொருளைப் பற்றுவதா என்னும் வழக்கு இவ்விருவர் வழியாகத் தமிழ்நாட்டில் உருவாயிற்று.

யாழ்ப்பாணத்தில் இவ்வழக்கு வேறொரு திருப்பம் கண்டது. அங்கே பீட்டர் பெர்சிவல் என்னும் பாதிரியாருக்கு மொழிபெயர்ப்பில் துணை நின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். சைவத்தில் உறுதி குன்றாத இளைஞர், விவிலியத்தைச் செந்தமிழாக்கும் பணியில் உழைத்தார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சாயிற்று. அதற்கு முன்பே பெர்சிவலின் பள்ளியை விட்டு நீங்கிய நாவலர், 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதியபொழுது, தாம் கற்ற விவிலிய அறிவையே சைவத்தின் காவலுக்குக் கருவியாக்கிக்கொண்டார். பிறர் நூலைச் செவ்வனே கேட்டறிந்த பின்னரே மறுத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பின்னர் ஹென்றி பவர் தலைமையில் அமைந்த குழு, முத்தையா பிள்ளையின் புலமைத் துணையோடு பல பிரிவினரும் ஏற்கத்தக்க மொழிபெயர்ப்பை உருவாக்கி, 1871இல் முழுமையாக வெளியிட்டது. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868இல் பதிப்பித்தவரும் இப்பவரே. 1936இல் லார்சன் முதலியோரின் திருத்தப் பதிப்பும், 1995இல் கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் இணைந்து ஆக்கிய ‘திருவிவிலியம்’ என்னும் பொது மொழிபெயர்ப்பும் தோன்றின.

காதா, செவியா

தமிழில் காதும் செவியும் ஒரு பொருட் சொற்களே எனினும் வழக்கில் வேறுபாடு உண்டு. குத்துவது காது; அணி பூணுவது காது; வலிப்பது காது. சாய்ப்பது செவி, மடுப்பது செவி, வழிவழிச் செய்தி வருவது செவிவழி. தோடு அணியும் உறுப்பைக் காதென்றும், அறிவு புகும் வாயிலைச் செவியென்றும் மக்கள் மனம் ஒருவாறு பிரித்து வைத்திருக்கிறது. கிரேக்கத்தில் ‘ஊஸ்’ இவ்விரண்டுக்கும் பொது.

பவர் பதிப்பின் வழிவந்த பழைய மொழிபெயர்ப்பில் வாளால் வெட்டுண்டது காது. இறைவன் அடியாருக்குச் சாய்ப்பது செவி. ஆயினும் கேட்பதற்குக் காதுடையவன் கேட்க என்று இயேசு அடிக்கடி கூறும் தொடரில், ‘செவி’ என்று வரத்தக்க இடத்தில், அவர்கள் ‘காது’ என்றே வைத்தனர். அத்தொடர் குளக்கரையிலும் வயல்வெளியிலும் கூடிய எளிய மக்களை நோக்கிக் கூறப்பட்டது. 1995ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு அங்கே ‘செவி’ என்று மாற்றியது. முன்னது கேட்போரின் நிலையை நோக்கியது. பின்னது கேட்டலின் ஆழத்தை நோக்கியது. இரண்டிற்கும் தமிழில் இடமுண்டு.

எண் பற்றியும் ஒரு நுட்பம் காணத்தக்கது. நற்செய்தி நூல்களில் இத்தொடர் ‘ஓத்தா’ என்னும் பன்மையோடு வருகிறது. விவிலியத்தின் இறுதி நூலாகிய திருவெளிப்பாட்டில், ஏழு திருச்சபைகளுக்கு எழுதிய ஏழு மடல்களிலும் ‘ஊஸ்’ என்னும் ஒருமையோடு வருகிறது. பழைய மொழிபெயர்ப்பில் ஈரிடத்தும் ‘காதுள்ளவன்’ என்பதே. இது பிழையோ எனில், அன்று. ‘கள்’ விகுதி பெறாத ‘காது’, நன்னூலார் கூறும் பால்பகா அஃறிணைப் பெயர். காது கேட்டது எனின் ஒருமை. காது கேட்டன எனின் பன்மை. வினையே எண்ணைக் காட்டும். ‘காதுள்ளவன்’ என்னும் தொகையில் ஒரு காதா, இரு காதா என்னும் வினாவே எழாது. கிரேக்கத்தில் இதற்கு மறுதலையான ஒரு வழக்கு உண்டு. அங்குப் பொதுப்பாற் பெயர் பன்மையாக இருப்பினும் வினை ஒருமையாக வருதல் மரபு. ‘உங்கள் காதுகள் கேட்கின்றன’ என்னும் பொருளுடைய ஓரிடத்தில் சில சுவடிகள் ஒருமை வினையையும் சில சுவடிகள் பன்மை வினையையும் தருகின்றன. எண் வேறுபாட்டில் நெகிழ்ச்சி தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

வியங்கோளின் பெருமை

அத்தொடரின் முடிக்கும் சொல் இன்னும் சுவையானது. ‘அக்கூவெத்தோ’ என்பது கிரேக்கத்தின் படர்க்கை ஏவல் வினை. முன்னால் நிற்பவனை நோக்கிக் ‘கேள்’ என்பதன்று. அங்கே கூட்டத்தில் எவன் செவியுடையவனோ, அவன் கேட்பானாக என்பது. இத்தகைய வினைவடிவம் ஆங்கிலத்தில் இல்லை. ஆகவே ஆங்கிலத்தார் ‘அவனைக் கேட்க விடுக’ என்னும் பொருள் தோன்றும் சுற்றுவழியை நாட வேண்டியதாயிற்று. கட்டளை, இசைவு போல ஒலிக்கலாயிற்று.

தமிழோ இத்தேவைக்கென்றே ஒரு வினையை வைத்திருக்கிறது. அதுவே வியங்கோள். தொல்காப்பியர் அதனைத் தன்மைக்கும் முன்னிலைக்கும் விலக்கிப் படர்க்கைக்கு உரியதாக்கினார். பவணந்தியார் காலத்தில் அது மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் பொதுவாயிற்று. தொல்காப்பியர் காட்டும் வியங்கோளும் கிரேக்கத்தின் படர்க்கை ஏவலும் இணைவைத்துப் பார்க்கத் தக்கவை. ‘கேட்க’ என்னும் ஒரு சொல்லே மூலத்தின் பொருளை முழுதும் தாங்கும்.

ஆயினும் மொழிபெயர்ப்பாளர் அத்தூய வடிவத்தைக் கொள்ளவில்லை. ‘கேட்க’ என்பது மக்கள் செவியில் எச்சமாக ஒலித்துத் தொடர் முற்றாததுபோல் தோன்றும் என்று கருதினர் போலும். பழைய மொழிபெயர்ப்பு ‘கடவன்’ என்பதைச் சேர்த்தது. அதனால் கட்டளையின் கண்டிப்பு மிகுந்தது. ஆனால் ஆண்பால் ஈறு புகுந்து, கேட்கும் கடமை ஆடவர்க்கே உரியது போன்ற தோற்றம் உண்டாயிற்று. புதிய மொழிபெயர்ப்பு ‘செவியுள்ளோர்’ என்று பலர்பாலாக்கிக் ‘கேட்கட்டும்’ என முடித்தது. பெண்டிரும் அடங்கினர், ஆனால் ‘கேட்கட்டும்’ என்பதில் கட்டளையோடு ‘கேட்டுப் போகட்டும்’ என்னும் அசட்டையும் ஒலிக்க வாய்ப்புண்டு. ஒன்றைப் பெற ஒன்றை இழப்பதே மொழிபெயர்ப்பின் இயல்பு. எதை இழக்கிறோம் என்று அறிந்து இழப்பவரே நல்ல மொழிபெயர்ப்பாளர்.

கேள்வி என்னும் சொல் பட்ட பாடு

‘அக்கூவோ’ என்னும் வினையிலிருந்து ‘அக்கோயே’ என்னும் பெயர் தோன்றும். கேட்கும் ஆற்றல், கேட்கும் உறுப்பு, கேட்கப்பட்ட செய்தி ஆகிய மூன்றையும் அது குறிக்கும். நம்பிக்கை பிறப்பது இதனாலேயே என்று உரோமையருக்கு எழுதிய மடலில் பவுல் கூறுகிறார். பழைய மொழிபெயர்ப்பு அங்கே ‘கேள்வி’ என்னும் சொல்லை ஆண்டது. அதனினும் பொருத்தமான சொல் தமிழில் இல்லை. திருவள்ளுவர் நாற்பத்திரண்டாம் அதிகாரத்திற்குக் ‘கேள்வி’ என்றே பெயரிட்டார். செவியால் பெறும் செல்வமே செல்வங்களுள் தலையானது என்று தொடங்கும் அதிகாரம் அது. கேள்வியால் துளைக்கப்படாத செவி, ஓசையைக் கேட்பினும் கேளாச் செவியே என்று வள்ளுவர் அங்கே கூறுகிறார். கேட்டும் கேளாதிருக்கும் மக்களைப் பற்றி எசாயா இறைவாக்கினர் கூறியதையும், அதனை இயேசு எடுத்தாண்டதையும் இதனோடு ஒப்புநோக்கலாம். நாடும் காலமும் வேறாயினும் ஆசிரியர்களின் கவலை ஒன்றே.

ஆனால் இன்று மாணவனிடம் ‘கேள்வி’ என்றால் தேர்வுத்தாளின் வினாவே அவன் நினைவுக்கு வரும். பவுலின் தொடரைப் பழைய மொழிபெயர்ப்பில் படிக்கும் இளைஞன், வினா எழுப்புவதால் நம்பிக்கை வரும் என்று பொருள் கொள்ளக்கூடும். புதிய மொழிபெயர்ப்பாளர் இதனை உணர்ந்து அப்பெயரை விலக்கி, ‘கேட்டல்’ என்னும் பொருள் தெளியும்படி வினையால் அமைத்தனர். ஒரு சொல்லின் பழம்பொருள் மறையுமாயின், அச்சொல்லால் எழுதப்பட்ட நூலின் ஒரு வாயிலே அடைபடும். திருக்குறளுக்கும் இதே இடர் உண்டு.

செவியா, உடலா

நாற்பதாம் திருப்பாடலின் எபிரேய மூலத்தில், பலியை விரும்பாத இறைவன் தமக்குச் ‘செவிகளைத் தோண்டினார்’ என்று பாடுவோர் கூறுகிறார். வள்ளுவரின் துளைக்கப்பட்ட செவிக்கு மிக அணுக்கமான படிமம் இது. ஆனால் கிறித்துவுக்கு முன்னரே அலெக்சாந்திரியாவில் தொடங்கிய பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் சிறந்த சுவடிகளில், அவ்விடத்தில் ‘உடல்’ என்னும் பொருளுடைய ‘சோமா’ என்னும் சொல் காணப்படுகிறது. புதிய ஏற்பாட்டின் எபிரேயர் மடலும் அவ்வடிவத்தையே எடுத்தாள்கிறது.

காதுகள் உடலானது எங்ஙனம்? அறிஞர் இரண்டு விளக்கங்கள் தருவர். ஒன்று, மொழிபெயர்ப்பாளர் சினையை நீக்கி முதலை வைத்தார் என்பது. ‘தலைக்கு ஒரு பழம்’ என்பதில் தலை ஆளைக் குறிப்பது சினையாகுபெயர். அதுபோல், செவி முழு மனிதனையும் குறித்தது என்று கொண்டு முழு உடலையே கூறிவிட்டார். மற்றொன்று, ஏடெழுதியவர் பிழை. அக்காலத்தில் சொல்லிடை வெளியின்றிப் பெரிய எழுத்துகளால் தொடர்ந்து எழுதினர். ‘ஓத்தியா’ என்பதற்கு முன்னைய சொல் சகர ஒலியில் முடிந்தது. அவ்வொலியை இருமுறை எழுதி, ‘த’, ‘இ’ ஆகிய இரண்டு எழுத்துகளின் கோடுகளை ஒன்றாக்கி ‘ம’ எனப் படித்துவிட்டால் ‘சோமா’ தோன்றிவிடும். புள்ளியில்லா ஓலைச்சுவடிகளில் எகர ஏகாரங்களையும், காலையும் ரகரத்தையும் பிரித்தறிய உ.வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர் பட்ட பாட்டை அறிந்த தமிழருக்கு இவ்விளக்கம் எளிதில் விளங்கும்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் இங்கே காட்டிய நேர்மை போற்றத்தக்கது. பழைய மொழிபெயர்ப்பில் திருப்பாடலில் ‘செவிகள்’ என்றும், எபிரேயர் மடலில் ‘சரீரம்’ என்றும் வருகின்றன. முரண்பாடு தோன்றுமே என்று அஞ்சி ஒன்றை மற்றொன்றுக்கு இணங்கத் திருத்தவில்லை. அந்தந்த மூலம் கூறுவதை அந்தந்த இடத்தில் வைத்தனர். பதிப்பு நெறியின் முதற்பாடம் இதுவே.

ஊசிக்கும் காதுண்டு

இனி, கிரேக்கத்தில் காதே இல்லாத இடத்தில் தமிழ் காதைக் கொண்டுவந்த விந்தையும் உண்டு. செல்வர் விண்ணரசில் புகுவதைவிட ஒட்டகம் ஊசியின் துளையில் நுழைவது எளிது என்னும் உவமையில், கிரேக்கம் ‘துளை’ என்றே கூறுகிறது. ஆங்கிலேயர் அதனை ஊசியின் கண் என்பர். மலாய் மொழியில் ‘லூபாங் ஜாரும்’, அதாவது ஊசித்துளை. தமிழிலோ ஊசியின் காது. பழைய, புதிய மொழிபெயர்ப்புகள் இரண்டும் அவ்வாறே கூறும். செர்மானியத்தில் ‘நாடல்-ஓர்’ என்னும் வழக்கிலும் காதே அமைந்துள்ளது. தரங்கம்பாடிக்கு வந்த செர்மானியர்க்குத் தமிழரின் ஊசிக்காது அயலாகத் தோன்றியிராது.

மும்மொழிச் செவிகள்

மலாய் மொழிக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. மத்தேயு நற்செய்தியின் மலாய் மொழிபெயர்ப்பு 1629இலேயே ஒல்லாந்தில் அச்சாயிற்று. முழுத் தமிழ்ப் புதிய ஏற்பாட்டிற்கு எண்பத்தாறு ஆண்டுகள் முந்தியது அது. சிங்கப்பூரை எதிர்நோக்கி நீரிணையின் கரையில் அமைந்த பெர்மாஸ் ஜெயா போன்ற ஊரில் வளரும் தமிழ் மாணவன், நாள்தோறும் மும்மொழிகளைக் கேட்கிறான். வீட்டில் காது, பாடநூலில் செவி, கடைவீதியில் ‘தெலிங்கா’. தாய் அவனிடம் ‘சொல் பேச்சுக் கேள்’ என்பாள். மலாய் ஆசிரியர் ‘டெஙார் காத்தா’ என்பார். இரண்டின் பொருளும் ‘கீழ்ப்படி’ என்பதே. கிரேக்கத்தில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் ‘ஹுப்பக்கோயே’ என்னும் சொல்லும் கேட்டலிலிருந்து பிறந்தது. எபிரேயத்திலும் கேட்டலுக்கும் கீழ்ப்படிதலுக்கும் வினை ஒன்றே. மொழிகள் பலவாயினும், உண்மையாகக் கேட்டவன் அதன்படி நடப்பான் என்னும் எண்ணத்தில் அவை ஒன்றுபடுகின்றன.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் மொழிப்பாடத் திட்டத்தில் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்னும் திறன்களுள் கேட்டலே முதலில் நிற்கிறது. எனினும் தேர்வு என்று வரும்பொழுது எழுத்தே முந்திக்கொள்கிறது, கேட்டல் பின்தங்கிவிடுகிறது. ‘கேள்வி’ என்னும் சொல் வினா என்னும் ஒரே பொருளுக்குள் சுருங்கியதற்கும் இந்நிலைக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது. இச்சொல்லின் வரலாற்றை ஒரு பாடவேளையில் எடுத்துரைக்கும் ஆசிரியர், வேற்றுமையையும் வியங்கோளையும் பால்பகா அஃறிணையையும் ஆகுபெயரையும் ஒருங்கே கற்பித்துவிடலாம். அதனினும் மேலாக, வள்ளுவர் வைத்த இடத்தில் கேள்வியை மீண்டும் வைத்தவராவார். மாணவனின் செவி துளைக்கப்படுவது ஆசிரியரின் சொல்லால். அத்துளையின் வழியாகவே பிற கல்வி அனைத்தும் உட்புகும்.